மேசைப் பணம், வீட்டுப் பணம்

லெபனான் கடற்கரை ஊரான அல்மீனாவில் மீன்படகுகள் கரை திரும்பும் நேரத்தில்தான் நக்லே வேலைக்கு உட்காருவான். வேலைக்கு உட்காருவது என்றால், சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது. அங்கே ஒரு பழைய கணினி, இரண்டு திரைகள், கார் பேட்டரியில் மாட்டிய இணையப் பெட்டி, காலுக்குச் சூடாக ஒரு கேஸ் அடுப்பு. அந்நேரம் கனடாவிலும் பிரேசிலிலும் நள்ளிரவாக இருக்கும். குடித்தவன், தூக்கம் வராதவன், பெண்டாட்டியோடு சண்டை போட்டவன், விட்டதை விடிவதற்குள் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறவன், இப்படிப்பட்டவர்கள் எல்லாம் இணையத்துப் போக்கர் மேசைகளை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான் நக்லேயின் பிழைப்பு.

சும்மா சொல்லக்கூடாது, ஆளைப் பார்த்தால் சீட்டாடுகிறவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடுதான் கணினி முன்னால் உட்காருவான். அது வங்கியில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். "துரை ஆபீசுக்குப் போயிட்டாரு, சத்தம் போடாதீங்க" என்று அக்கா அதேல் வருகிறவர்களிடம் சொல்வாள். அதேல் கல்யாணம் கட்டாதவள். முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டி, தட்டுத் தட்டாகப் பட்டணத்து வீடுகளுக்கு விற்கிறவள். தம்பி ஆடும்போது அவள் மின்சாரக் கெண்டியில் வெந்நீர் வைக்கக்கூடாது. ஊரில் அரசு மின்சாரம் பெயருக்குத்தான்; தெருமுனை ஜெனரேட்டர்காரன் கொடுப்பது ஐந்து ஆம்பியர். கெண்டியைப் போட்டால் வீடே இருண்டுபோகும். கணினியும் அணைந்து, ஆட்டத்தை விட்டுவிட்டான் என்று அவனுடைய சீட்டு தானாகக் கவிழ்ந்துவிடும். இந்த ஒரு விஷயத்துக்காக அக்காவும் தம்பியும் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

அவன் மனைவி ரிமோந்தா குவைத்தில் நர்ஸ். லெபனானில் வங்கிகள் ஜனங்களின் பணத்தை வாயில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினபோது, நக்லே வேலை பார்த்த கிளையையும் மூடினார்கள். மனைவி விமானம் ஏறினாள், கணவன் பொழுதுபோக்காக ஆடிக்கொண்டிருந்த போக்கரைத் தொழிலாக எடுத்துக்கொண்டான். முதலில் நன்றாகத்தான் போயிற்று. வீட்டுச் செலவுக்கு அவன் ஆட்டம் போதும். அவள் அனுப்புகிறது அப்படியே சேரட்டும். போதுமான அளவு சேர்ந்ததும் அவள் திரும்பி வந்துவிட வேண்டியது. இதுதான் ஏற்பாடு.

சேர்கிற பணத்தை எங்கே வைப்பது? இதைக் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் சிரிக்காமல் பதில் சொல்ல மாட்டார்கள். வங்கியா, வாயைக் கழுவு. மெத்தைக்கு அடியிலா, ஊரில் எல்லா மெத்தைக்கு அடியிலும் டாலர் இருக்கிறது என்று திருடனுக்கும் தெரியும். பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியை அறுத்து மொத்தமும் கொண்டுபோன பிறகு, நக்லேதான் அந்த யோசனையைச் சொன்னான். அவனுடைய போக்கர் கணக்கில் பணம் கேட்டால் மறுநாளே வந்துவிடுகிறது. ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை. ரிமோந்தா போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். நம்ம ஊர் வங்கிக்காரனைவிடச் சூதாட்டக்காரன் யோக்கியன் ஆகிவிட்டானா, சரி, அங்கேயே போட்டு வை என்றாள். ஆடுகிற பணமும் வீட்டுப் பணமும் ஒரே பானைக்குள் விழுந்தது அப்படித்தான். போக்கர் ஆடுகிற எவனும் உலகத்தில் செய்யக்கூடாத காரியம் இது என்று நக்லேக்குத் தெரியும். ஆனால் வேறு எங்கே வைப்பான்?

கோடை முடிந்ததும் தோல்வி பிடித்தது. முதலில் அது வெறும் அதிர்ஷ்டக்கேடுதான். கையில் இரண்டு ஏஸ் இருக்கும், எதிராளி இரண்டு எட்டை வைத்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளுவான், கடைசிச் சீட்டாக இன்னொரு எட்டு வந்து விழும். இந்தத் தொழிலில் இது உண்டு. ஒரு வாரம், இரண்டு வாரம் இப்படிப் போகும், பிறகு நேராகும் என்று அவன் பேசாமல் ஆடினான். நேராகவில்லை. கடற்காற்று குளிர்ந்து, மழை பிடித்து, மீன் விலை ஏறி, அதேல் கேஸ் அடுப்பின் மேல் ஆரஞ்சுத் தோலைப் போட்டு வீடெல்லாம் அந்த வாசனை வருகிற காலமும் வந்துவிட்டது. அவன் தோற்றுக்கொண்டே இருந்தான்.

ரிமோந்தா தினமும் முற்பகலில், தன் தேநீர் இடைவேளையில் கூப்பிடுவாள். மருத்துவமனையின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவாள். பேச்சு ரொம்ப நேரம் இருக்காது. என்ன சாப்பிட்டாய், மழையா, அக்கா எப்படி இருக்கிறாள், எப்படிப் போகிறது. கடைசிக் கேள்விக்கு அவன் நல்லாப் போவுது என்பான். தோல்வி ஆரம்பித்த முதல் வாரத்தில் அது பொய் என்றே அவனுக்குப் படவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் ஒன்றை இன்றைக்குச் சொல்லி எதற்கு அவளைக் கலக்க வேண்டும் என்றுதான் நினைத்தான்.

டிசம்பர் தொடக்கத்தில் வரும் பர்பாரா திருநாள் அன்று அதேல் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரையும் சோம்பும் போட்டு, மேலே மாதுளை முத்துத் தூவி, தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் கிண்ணத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்குப் போனில் ரிமோந்தாவுக்கு அந்தக் கோதுமையைப் பற்றித்தான் முதல் பேச்சு. மாதுளை போட்டாளா, பாதாம் போட்டாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு குரலை இறக்கினாள்.

"ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறியான்னு இங்க கேட்டுட்டாங்க. ஜனவரியில தண்ணித் திருநாளுக்குள்ள பதில் சொல்லணும். நான் வேண்டாம்னு சொல்லப் போறேன், நக்லே."

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"எனக்கும் வயசு ஏறிட்டே போவுது. பிள்ளை பெத்துக்கணும்னா இனியும் தள்ளிப் போட முடியாது. நீ அங்க ஒரு வீட்டுல, நான் இங்க ஆறு பொம்பளைங்களோட ஒரு ரூம்ல. போதும்ப்பா. பணம் போதும்தானே?"

"போதும்" என்றான் நக்லே.

அந்தச் சொல்லை எப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. போனை வைத்துவிட்டு நேராக மேசைக்கு வந்தான். வழக்கமாக ஆடும் மேசைகளை விட்டுவிட்டு, இரண்டு மடங்கு பணம் புரளும் மேசைகளைத் திறந்தான். மத்தியானத்துக்குள் அவள் பல மாதம் நின்று சம்பாதித்தது போய்விட்டது. அதேல் கதவைத் தட்டி, பருப்புச் சோறு ஆறுகிறது என்றாள். அவன் வந்து உட்கார்ந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு முழுத் தட்டையும் சாப்பிட்டான். சாப்பிட்டது எதுவும் நாக்குக்குத் தெரியவில்லை.

பட்டணத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நிஷான் என்கிற ஆர்மீனியன் அவனுக்கு நண்பன். அவனும் போக்கர் ஆடுகிறவன். மழைக்காலத்தில் கண்ணாடி மாற்ற எவனும் வருவதில்லை என்பதால், கடையை மத்தியானம்தான் திறப்பான். நக்லே வெட்கத்தை விட்டு அவனைக் கூப்பிட்டு, என் ஆட்டத்தில் என்ன கோளாறு என்று எனக்கே தெரியவில்லை, வந்து கொஞ்ச நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார் என்று கேட்டான். ஆட்டக்காரர்களுக்குள் இது உண்டு. ஒருவன் ஆடுவான், மற்றவன் பின்னால் உட்கார்ந்து பார்ப்பான். ஆட்டம் முடிகிறவரை பார்க்கிறவன் வாயைத் திறக்கக்கூடாது.

நிஷான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதே ஒரு அதிசயம். ஆனாலும் முறையை மீறவில்லை. பறங்கி விதையைக் கொறித்துத் தோலைக் கையில் சேர்த்துக்கொண்டு, அதேல் கொண்டுவரும் ஏலக்காய்க் காப்பியைக் குடித்துக்கொண்டு, காலை முழுவதும் திரையைப் பார்த்தபடி இருந்தான். சில நாள் இப்படிப் போயிற்று. ஒரு நாள் நக்லே எல்லாவற்றையும் அணைத்தபிறகு, "இப்பப் பேசலாமா?" என்று நிஷான் கேட்டான்.

"பேசு."

"காலையில இங்க ஒருத்தன் உட்கார்ந்து ஆடினான். நல்ல ஆட்டக்காரன். சீட்டு சரியில்லன்னா கவுத்துட்டுக் காப்பி குடிச்சான். நமக்கு எதுக்கு வம்புன்னு இருந்தான். அவன் எங்க போனான்?"

"விளையாடாத, நிஷான்."

"நானா விளையாடுறேன்? போன் வந்துச்சு, அவன் எந்திரிச்சுப் போனான். திரும்பி வந்து அந்த நாற்காலியில உட்கார்ந்தது ஒரு காளை மாடு." நிஷான் கையிலிருந்த தோலைக் கிண்ணத்தில் கொட்டினான். "மேசையில நாலு கிளாவர் கெடக்கு. அந்தக் கனடாக்காரன் காலையிலேருந்து வாயத் தொறக்காதவன், இப்பப் பந்தயத்த ஏத்துறான். அவங்கிட்ட கிளாவர் இருக்குன்னு என் கடைக்குக் கண்ணு தெரியாம வர்ற கிழவனுக்குக்கூடத் தெரியும். நீ மொத்தத்தையும் தள்ளுற. எதுக்குத் தள்ளுன?"

"பயந்து கவுத்துடுவான்னு நெனச்சேன்."

"அவன் எதுக்குப் பயப்படணும்? அந்த மேசையில பயந்துகிட்டு இருந்தது நீ ஒருத்தன்தான்."

வெளியே மழை தகரத்தின் மேல் விழும் சத்தம் கேட்டது.

"வந்த நாள்லேருந்து பார்க்குறேன். எல்லா நாளும் இதேதான். போனுக்கு முன்னாடி ஆடுற ஆளு வேற, போனுக்குப் பின்னாடி ஆடுற ஆளு வேற. அந்தப் பொண்ணு அப்படி என்னதான் சொல்லுது உங்கிட்ட?"

"ஒண்ணும் சொல்லல. எப்படிப் போவுதுன்னு கேப்பா."

"நீ?"

"நல்லாப் போவுதும்பேன்."

நிஷான் அவனை உற்றுப் பார்த்தான். கிண்டல் எல்லாம் முகத்தைவிட்டுப் போய்விட்டது. "அப்போ விஷயம் இதான். நீ அவகிட்ட ஜெயிச்சேன்னு சொல்லிட்ட. சொன்னத உண்மையாக்கணும்னு ஓடி வந்து உட்கார்ற. மத்தியானத்துக்குள்ள ஜெயிச்சாகணும் உனக்கு. டேய், அப்படி ஆடுறவனத்தானேடா நாம ரெண்டு பேரும் விடியக்காலையில எந்திரிச்சு உட்கார்ந்து தேடுறோம்? கனடாக்காரனும் பிரேசில்காரனும் இப்ப உன்னத் தேடி வர்றானுங்க."

"மொதல்ல வெறும் கெட்ட சீட்டாத்தான் வந்துச்சு."

"வந்திருக்கும். அது எனக்கும் வரும், எல்லாருக்கும் வரும். அது எப்பவோ முடிஞ்சு போச்சு, நீதான் அத முடிய விடல." நிஷான் மெதுவாகக் கேட்டான்: "மேசையில கெடக்குறது யாரு பணம்?"

"எங்க பணம்."

"உங்க பணம்னா? உன்னதா, அவளோடதா? எது எவ்வளவு?"

நக்லேக்குத் தெரியவில்லை. வங்கியின் இரும்புக் கதவுக்குப் பின்னால் அவன் நின்ற கடைசி மாதங்கள் நினைவுக்கு வந்தன. ஒரு தையல்காரியம்மாள் வாரம் தவறாமல் வந்து, என் பணத்தை ஒரு தடவை கண்ணில் காட்டு, தொடக்கூட மாட்டேன் என்று கேட்பாள். இவன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி, இதோ பாருங்கள் அம்மா, பத்திரமாக இருக்கிறது என்று எண்ணைக் காட்டுவான். அவளும் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அந்தத் திரையில் எண் மட்டும்தான் இருந்தது என்று அவனுக்குத் தெரியும். இன்றைக்கு ரிமோந்தாவுக்கு அவன் அந்த எண்ணைக்கூடச் சரியாகக் காட்டவில்லை. அந்த வங்கியை ஊரோடு சேர்ந்து அவனும் திட்டாத நாளில்லை.

நிஷான் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான். மிச்சமிருப்பதை இன்றைக்கே வெளியே எடு, சின்னப் பிள்ளைகள் ஆடுகிற மேசையில் போய் உட்கார், அவளிடம் சொல்லு என்றான். இந்த மூன்றில் கடைசியைத்தான் முதலில் செய்ய வேண்டும், மற்றது தானாக நடக்கும் என்றும் சொன்னான். வாசலில் அதேல் ஒரு தட்டு முட்டைக்கோஸ் சுருளைக் கையில் கொடுக்க, காசு கொடுக்காமல் வாங்கிக்கொண்டு போனான்.

சொல்வது அவ்வளவு லேசா? நக்லே தினம் சொல்ல நினைப்பான், போன் வந்ததும் நல்லாப் போவுது என்று வாய் முந்திக்கொள்ளும். கிறிஸ்துமஸ் போயிற்று. வருடப் பிறப்புக்கு முந்தின சாயங்காலம் எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டில் எல்லோரும் சீட்டுக்கு உட்கார்ந்தார்கள். அன்றைக்கு ஆடாதவனுக்கு வருடம் முழுவதும் கை ஓடாது என்று நம்பிக்கை. அதேலின் சிநேகிதிகள், அவர்களுடைய புருஷன்மார்கள், அக்ரூட் பருப்பு, வறுத்த கஷ்கொட்டை, ஒரே கூச்சல். நக்லே எந்தச் சீட்டை எடுத்தாலும் நல்ல சீட்டாக வந்தது. அவன் முன்னால் சில்லறை குவிந்தது. உனக்கு இந்த வருடம் திறந்துகொண்டது என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். அவன் சிரித்தான். அவ்வளவு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது இருந்த தனிமை, கதவைச் சாத்திக்கொண்டு தோற்ற நாட்களில்கூட அவனுக்கு இருந்ததில்லை.

தண்ணீர்த் திருநாளுக்கு முந்தின நாள் அவன் மேசையைத் திறக்கவில்லை. அக்காவின் காதில் விழக்கூடாது என்று கடற்சுவர்ப் பக்கம் போனான். மழை விட்டிருந்தது. காற்று மட்டும் ஆளைத் தள்ளியது. படகுகளையெல்லாம் மேலே இழுத்துக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். போன் வந்தது.

"எங்க இருக்க? காத்துச் சத்தமா கேக்குது" என்றாள் ரிமோந்தா.

"கடல்கிட்ட. ஒப்பந்தத்துக்குப் பதில் சொல்லிட்டியா?"

"நாளைக்குச் சொல்லணும். காகிதமெல்லாம் எழுதி வெச்சாச்சு. அக்கா இன்னிக்குச் சர்க்கரைப் பாகுல உருண்டை போடுவாளே, எனக்கும் சேர்த்துத் தின்னு."

"வேண்டாம்னு சொல்லிடாத, ரிமோந்தா."

"என்ன?"

"புதுப்பிக்கிறேன்னு சொல்லு. நான் கோடை முடிஞ்சதுலேருந்து தோத்துகிட்டு இருக்கேன். உன் பணமும் அதுல போயிடுச்சு. முழுசும் இல்ல. பாதிக்கு மேல போச்சு."

மருத்துவமனையின் லிஃப்ட் மணி மட்டும் இரண்டு தடவை கேட்டது.

"நேத்து நல்லாப் போவுதுன்ன" என்றாள்.

"பொய்."

"முந்தாநாளு?"

"அதுவும் பொய்தான்."

"பர்பாரா அன்னிக்குக் கேட்டேன். போதும்ன."

"அப்பவே பாதி போயிருந்துச்சு. நீ போனை வெச்சதும் விட்டதப் பிடிக்கப் போயி இன்னும் விட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தான். திட்டுவாள் என்று நினைத்தான். அவள் களைத்துப்போன குரலில் பேசினாள்.

"பணம் போனாப் போவுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நான் நின்னு நின்னு சேர்த்தது. வீங்கின காலோட நின்னது. ஆனா அதுகூட இல்ல, நக்லே. இங்க எனக்கு ஒரு நாள்ல நல்லதுன்னு இருக்கிறது இந்தப் படிக்கட்டுல உட்கார்ந்து உங்கூடப் பேசுறது ஒண்ணுதான். அதுக்காகத்தான் காலையில எந்திரிக்கிறேன். இத்தன மாசமா நான் யார்கூடப் பேசிகிட்டு இருந்தேன்?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போன் நின்றது. அவன் ஈரச் சுவரில் உட்கார்ந்து அழுதான். காற்றில் யாருக்கும் கேட்டிருக்காது.

மறுநாள் அவள் ஒப்பந்தத்தை இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டாள். அதை அவனுக்குச் சொன்னது அதேல். ரிமோந்தா நாத்தனாரிடம் மட்டும் பேசியிருக்கிறாள், எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அதேல் பாகு சொட்டும் உருண்டைகளைத் தட்டில் வைத்து அவன் முன்னால் தள்ளினாள்.

"சோறு போடுறேன். துணி துவைக்கிறேன். பேசு, சிரின்னு மட்டும் எங்கிட்ட கேக்காத" என்றாள். சொன்னபடியே குளிர்காலம் முடிகிறவரை அவனோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

நக்லே கணக்கில் மிச்சமிருந்ததை வெளியே எடுத்தான். குவைத்துக்குத் திரும்பிப் போகும் தெரிந்த ஆள் ஒருவனிடம் கொடுத்து, ரிமோந்தாவின் கையிலேயே சேர்க்கச் சொன்னான். ஆடுவதற்கென்று அவன் வைத்துக்கொண்டது, பழைய நாளில் காப்பிக்கடையில் மிச்சம் வாங்காமல் விட்டுவிட்டு வருகிற அளவு. அதை வைத்துக்கொண்டு இருப்பதிலேயே சின்ன மேசைகளில் போய் உட்கார்ந்தான். அங்கே கல்லூரிப் பையன்களும் ஓய்வுபெற்ற கிழவர்களும் சில்லறைக் காசுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் பெரிய மேசைகளில் அவன் பெயரைக் கண்டாலே எழுந்து போவார்கள். இங்கே அவன் யாரென்று எவனுக்கும் தெரியாது. கூசத்தான் செய்தது. மற்ற செலவுக்கு, காலை ஆட்டம் முடிந்ததும் நிஷானின் கடையில் போய்க் கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி போட்டான். அதேலின் தட்டுகளைப் பட்டணத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். இஸ்திரிச் சட்டைக்காரன் முட்டைக்கோஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறுவதைப் பார்த்துச் சிலர் சிரித்ததும் உண்டு.

ஆட்டத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் மாதிரி ஆடினான். ஒவ்வொரு பந்தயத்தையும் வைப்பதற்கு முன்னால் ஏன் வைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வான். காரணம் சொல்ல வரவில்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிடுவான். வெளியிலிருந்து கேட்ட அதேல் முதலில் பயந்தே போனாள். அந்தச் சின்ன மேசைகளில் அவனுக்கு ஒன்று தெளிவாயிற்று. கெட்ட சீட்டு வருவதை நிறுத்த முடியாது, ஆனால் அது வந்தபிறகு ஆடுகிற அடுத்த ஆட்டம் தன்னுடையது. அதைத்தான் அவன் இத்தனை மாதமும் கனடாக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தான். இது முன்னமே தெரியாத விஷயமா? தெரியும். பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்குத் தெரியும்.

முற்பகல் ஆனதும் எப்படி ஆடிக்கொண்டிருந்தாலும் எல்லா மேசையையும் விட்டு எழுந்துவிடுவான். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அது அடிக்காது. குவைத்தில் அந்தப் படிக்கட்டில் அவள் இப்போதும் உட்காருகிறாளா, உட்கார்ந்து யாரோடு பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். கூப்பிடத் தைரியம் வரவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?

ஒரு வாரம் முழுக்க ஜெயித்தபோதுதான் தைரியம் வந்தது. சின்னத் தொகைதான், ஆனால் நேராக ஆடி ஜெயித்தது. குரலைப் பதிவு செய்து அனுப்பினான். இந்த வாரம் ஜெயித்தேன், சின்ன மேசைதான், சொல்ல வேண்டும்போல இருந்தது என்றான். அன்று பதில் வரவில்லை. மறுநாள் வந்தது. அவனும் திரும்பத் திரும்பக் கேட்டான், அதேலும் வாசலில் நின்று கேட்டாள்.

"ஜெயிச்சேன், ஜெயிச்சேன்னு நீ எங்கிட்ட நிறையச் சொல்லிட்ட, நக்லே. அதக் கேட்டா எனக்கு இப்பவும் பயமா இருக்கு. நீ தோத்த அன்னிக்குக் கூப்பிடு. அது உண்மைன்னு எனக்குத் தெரியும்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை அதிகம் வருத்தியது. இந்த நேரம் பார்த்து அவனுக்கு நல்ல காலம் வேறு பிறந்துவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் தோற்கவே இல்லை. தோற்பதற்காக ஆடவும் முடியாது, அது இன்னொரு பொய். இப்படி ஒரு ஆட்டக்காரனை உலகம் கண்டிருக்குமா, ஜெயிக்க ஜெயிக்க முகம் தொங்கிப்போனவனை? நிஷான் தினமும் கேட்டுக் கேலி செய்தான்.

மழை நின்றது. ஆரஞ்சு மரங்கள் பூத்து, தோப்புப் பக்கமிருந்து ஊருக்குள் வாசனை வந்தது. பெண்கள் பூவைக் கூடையில் வாங்கி வாசனைத் தண்ணீர் வடிக்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு காலையில் நக்லேயின் கையில் இரண்டு ராணி வந்தது. மேசையில் இன்னொரு ராணி விழுந்தது, கூட ஒரு ஏழும். ஏன் வைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னான், சரியான காரணம். வைத்தான். பிரேசில்காரன் ஒருவன் ஏற்றினான். நக்லே மொத்தத்தையும் தள்ளினான். பிரேசில்காரன் ரொம்ப நேரம் யோசித்து, சரி என்று வந்தான். அவனிடம் மூன்று ஏழு. நக்லேயிடம் மூன்று ராணி. சீட்டுக்கட்டில் பிரேசில்காரனைக் காப்பாற்றக்கூடியது மிச்சமிருந்த ஒரே ஒரு ஏழுதான். கடைசிச் சீட்டாக அது வந்து விழுந்தது.

கணக்கில் இருந்தது முழுவதும் போயிற்று. அதேலின் ஒரு நாள் காய்கறிச் செலவு இருக்கும். நக்லே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெஞ்சு சூடாகவில்லை. இன்னொரு மேசையைத் திறக்கக் கை போகவில்லை. எங்கேயும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் தோற்றுவிட்டோம், அவ்வளவுதான் என்று இருந்தது. கணினியை அணைத்துவிட்டு அவளுடைய தேநீர் நேரம் வருகிறவரை காத்திருந்தான். பிறகு கூப்பிட்டான். மணி நீளமாக அடித்தது.

"சொல்லு" என்றாள்.

"ரிமோந்தா, தோத்துட்டேன்."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "எவ்வளவு?"

சொன்னான்.

"அவ்வளவுதானா? நெசமா?"

"அவ்வளவுதான். அதுக்கு மேல எங்கிட்ட இல்ல, நிஷான் கடைச் சம்பளம் தனியா இருக்கு."

"எப்படித் தோத்த?"

"உனக்குப் புரியாது."

"புரியலன்னா கேட்டுக்குறேன். மொதல்லேருந்து சொல்லு."

தோற்ற ஆட்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கிற ஆள் போக்கரில் கிடையாது. நிஷான்கூட ஆரம்பிக்கும்போதே காதைப் பொத்திக்கொள்வான், ஏனென்றால் எல்லோரிடமும் அப்படி ஆயிரம் இருக்கிறது. ரிமோந்தாவுக்குச் சீட்டில் ராணி எது, ராஜா எது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. நக்லே முதல் இரண்டு சீட்டிலிருந்து தொடங்கினான். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், முதலில் யார் பந்தயம் வைத்தார்கள், மேசையில் என்ன விழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பிரேசில்காரன் ஏற்றியபோது தனக்கு என்ன தோன்றியது என்பதையும் மறைக்காமல் சொன்னான்.

"இரு, இரு" என்றாள் ரிமோந்தா. "அவங்கிட்ட மூணு ஏழு இருந்துச்சில்ல, அப்புறம் எதுக்கு அந்த ஆளு அவ்வளவு நேரம் யோசிச்சான்?"

"என்னப் பார்த்துப் பயந்திருப்பான். எங்கிட்ட ராணி இருக்கும்னு."

"பயந்துகிட்டேதான் வந்தானா?"

"ஆமா."

அந்தப் பக்கம் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று அவள் திரும்பிச் சொல்வது கேட்டது. அவளுடைய தேநீர் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது என்று இருவருக்கும் தெரியும். அவன் சொல்வதை நிறுத்தினான்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள். "கடைசிச் சீட்டு வந்துச்சு, அப்புறம்?"